கலா உள்ளே விட்ட கோப்பு

அத்தியாயம் பதினேழு

ஞாயிற்றுக்கிழமை வீடியோ அழைப்பில் ஸ்ரீதரன் அந்த வார்த்தைகளைச் சொல்லி நான்கு நாட்கள் ஆகிவிட்டன. வீட்டில் அதைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. திறக்காமல் இருப்பதற்காகவே மனைவி, தாய், தங்கை என்று மூன்று பெண்களும் ஆளுக்கொரு வேலையைத் தேடிப் பிடித்துச் செய்துகொண்டிருந்தார்கள்.

வேலைக்குப் போயிருந்த தோஹாவிலிருந்து அவன் மனைவி கோகிலாவிடம் சொன்னது இவ்வளவுதான்: "நா போனதுக்கப்புறந்தான் நிம்மதியா தூங்குறியாமே. அப்படின்னா இனிமே ஒங்கம்மா வீட்லயே போய்த் தூங்கு." பிறகு தன் தாய் மூக்காயியைக் கூப்பிட்டு, கோகிலாவை அவள் தாய்வீடான எஹலியகொடைக்கு அனுப்பிவிடும்படி கூறித் தொடர்பைத் துண்டித்துவிட்டான்.

கோகிலா அந்த வாக்கியத்தை ஒரே ஒரு முறை, ஒரே ஒரு ஆளிடம்தான் சொல்லியிருந்தாள். தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில், பக்கத்துக் காம்பராவில் குடியிருக்கும் அனிற்றாவிடம். இருவரும் ரப்பர் பால் வெட்டி முடித்து, வாளிகளைக் கீழே வைத்துவிட்டு வெற்றிலை போட்டுக்கொண்டிருந்த நேரம் அது. சுற்றிலும் மரங்களைத் தவிர யாருமில்லை.

ஆகவே திங்கட்கிழமை காலையில், பீலிக்கரையில் தண்ணீருக்கு நின்ற பத்துப் பதினைந்து பேர் முன்னிலையில், "என் குடும்பத்தக் கெடுத்திட்டியே, நல்லா இரு" என்று கோகிலா அவளைப் பார்த்துச் சொன்னாள். அனிற்றா குடத்தைக் கீழே வைத்துவிட்டு அவள் முகத்தையே பார்த்தபடி நின்றாள். பிறகு குடத்தை விட்டுவிட்டு வீட்டுக்குப் போனாள். அன்றைக்கே லயத்தில் பாதிப் பேர் அவளோடு பேசுவதை நிறுத்திவிட்டார்கள்.

கல்யாணமாகி இந்த ரொஸ்மெல் தோட்டத்துக்கு வந்த புதிதில் கோகிலாவுக்குத் தேயிலைக் கொழுந்து பறிக்க மட்டும்தான் தெரியும். பால் வெட்டும் கத்தியை எப்படிப் பிடிப்பது, பட்டையில் எவ்வளவு ஆழம் போவது என்று கையைப் பிடித்துக் காட்டிக்கொடுத்தவள் அனிற்றா.

இனி வியாழக்கிழமைக்கு வருவோம்.

விடியற்காலையில் பெய்த மழையில் மரமெல்லாம் நனைந்துவிட்டதால் அன்றைக்குப் பால் வெட்டு இல்லை. ஸ்ரீதரனின் தங்கை விஜயகலாவுக்கு மட்டும் வேலை இருந்தது. லயத்தின் கடைசியில், வேலைக்குப் போகும் தாய்மார் குழந்தைகளை விட்டுப்போகும் பழைய பிள்ளைக் காம்பராவைச் சுத்தம் பண்ணி வெள்ளையடித்து, ஒரு தொண்டு நிறுவனம் கணினி நிலையம் வைத்துக் கொடுத்திருந்தது. அதற்குக் கலாதான் பொறுப்பு. ஆறு கணினிகள், ஒரு பிரிண்டர், லயம் முழுக்க எட்டும் ஒரு வைஃபை. பிள்ளைகள் பாடம் படிப்பதும், பெரியவர்கள் வெளிநாட்டிலிருப்பவர்களோடு பேசுவதும் அதில்தான்.

அந்த வைஃபை வழியாக எந்தக் கோப்பு இறங்கினாலும் நேராகப் போனுக்கு வந்துவிடாது. முதலில் கடல் கடந்து எங்கோ இருக்கும் ஒரு நிறுவனத்தின் கணினிகளுக்குப் போகும். கிளவுட் என்பது அதுதான். அங்கே அதைத் திறந்து பார்த்து, கெடுதல் இல்லையென்றால்தான் உள்ளே விடுவார்கள். சந்தேகம் என்றால் நிறுத்தி வைத்து, பொறுப்பாளரிடம் கேட்பார்கள். லயத்துப் பெண்களுக்குக் கலா இதை விளங்கப்படுத்தும்போது, பால் நிறுக்கும் இடத்தில் மெட்ரோலக் கருவியைப் போட்டுத் தண்ணீர் கலந்திருக்கிறதா என்று பார்ப்பார்களே, அந்த மாதிரி என்று சொல்லுவாள். எல்லோருக்கும் உடனே புரிந்துவிடும்.

காலை எட்டு மணிக்கு அவள் மின்னஞ்சலைத் திறந்தபோது, கோப்புகளைச் சோதிக்கும் அந்த நிறுவனத்திலிருந்து சிவப்புத் தலைப்போடு ஒரு ரிப்போர்ட் வந்திருந்தது.

மூன்று மாதத்துக்கு முன்பு உங்கள் வலையமைப்பில் பொறுப்பாளரின் அனுமதியோடு இறங்கிய ஒரு கோப்பைப் பற்றி இப்போது முடிவாகத் தெரியவந்திருக்கிறது என்று எழுதியிருந்தார்கள். அது உளவு மென்பொருள். போன் வைத்திருப்பவருக்குத் தெரியாமல் மைக்கைத் திறந்து சுற்றியிருப்பவர்கள் பேசுவதைப் பதிவுசெய்யும். குறுஞ்செய்திகளைப் படிக்கும். போன் எங்கே போகிறதென்று காட்டும். எல்லாவற்றையும் அதை அனுப்பிய ஆளுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும். கீழே கோப்பின் பெயர் இருந்தது. எங்கள் ஆல்பம். இறங்கிய போனின் பெயர் இருந்தது. கோகிலா. அனுமதித்தவர் பெயரும் இருந்தது.

கலா அதை முதலிலிருந்து மறுபடி படித்தாள்.

அந்த நாள் அவளுக்கு நன்றாக ஞாபகமிருந்தது. தான் எடுக்கும் படங்களை எல்லாம் பார்க்கலாம் என்று அண்ணன் ஒரு லிங்க் அனுப்பியிருப்பதாகவும், அதை இறக்கப் பார்த்தால் வைஃபை மறிக்கிறதென்றும் அண்ணி வந்து நின்றாள். திரையில், இதுவரை கண்டிராத கோப்பு, சந்தேகத்துக்குரியது, அனுமதிக்க வேண்டாம் என்று வந்தது. அனுப்பியவரைத் தெரியும் என்பதற்காக ஒரு கோப்பை விடக்கூடாது என்று பயிற்சியில் முதல் நாளே சொல்லித் தந்திருந்தார்கள். ஆனால் அனுப்பியது அண்ணன். கலா சிரித்துக்கொண்டே அனுமதியை அழுத்தினாள். போனும் அதை ஏற்க மறுத்தபோது, அண்ணியின் கையிலிருந்து அதை வாங்கி, செட்டிங்ஸில் போய், தானே தடையை எடுத்துவிட்டாள். "இப்ப பாருங்க அண்ணி, அண்ணன் படமா வரும்" என்றுகூடச் சொன்னாள்.

அண்ணனையும் யாராவது ஏமாற்றி அதை அனுப்ப வைத்திருக்கலாமே என்று கொஞ்ச நேரம் அவள் மனதைத் தேற்றிப் பார்த்தாள். வேறு யாரோ செய்த வேலையாகக்கூட இருக்கலாம். ஆனால் ஞாயிற்றுக்கிழமை அவன் சொன்ன வாக்கியம்? ரப்பர் மரத்தடியில் அனிற்றாவிடம் மட்டும் அண்ணி சொன்னதாக லயமே பேசுவதை, அவன் அப்படியே சொன்னானே. அண்ணியின் போன் எந்நேரமும் அவள் இடுப்புச் சேலையில்தானே சொருகியிருக்கும்.

உயர்தரப் பரீட்சையின்போது ஒருநாள் பஸ் வரவில்லை. கொட்டும் மழையில் இரவல் மோட்டார் சைக்கிளில் அவளை ஏற்றி, அனுமதி அட்டையைப் பொலித்தீனில் சுற்றித் தன் சட்டைக்குள் வைத்துக்கொண்டு, தெஹியோவிட்ட நகரத்துப் பாடசாலைவரை ஓட்டிப்போனவன் அந்த அண்ணன். பரீட்சை முடியும் வரை ஈர உடுப்போடு பாடசாலை மதிலோரம் நின்றான். அந்த ஆளும் இந்த ஆளும் ஒருவன்தான் என்பதை அவளால் ஏற்கமுடியவில்லை.

மேசையில் தலையை வைத்து அழுதாள். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு, நிலையத்தைப் பூட்டிவிட்டு வீட்டுக்கு நடந்தாள்.

மூக்காயி அடுப்படியில் பலாக்கொட்டைக்குத் தோல் உரித்துக்கொண்டிருந்தாள். கோகிலா போனோடு கடைக்குப் போயிருந்தாள். அதுவும் நல்லதாகப் போயிற்று. கலா தாயின் பக்கத்தில் குந்தி, நடந்ததைத் தாழ்ந்த குரலில் சொன்னாள். மூக்காயிக்கு முதலில் புரியவில்லை. புரிந்தபோதும் அவள் அதிர்ந்துவிடவில்லை.

"கட்டுன பொண்டாட்டி. கண்காணாத தேசத்துல கெடக்கான். மனசு கேக்காம செஞ்சிருப்பான்" என்றாள்.

"அண்ணி பேசுனது மட்டுமில்லம்மா. அந்தப் போன் கிட்ட நின்னு யாரு பேசுனாலும் அவருக்குப் போயிருக்கும். நீங்க பேசுனதும்."

பலாக்கொட்டையைப் பிடித்திருந்த கை நின்றது.

"இந்த அடுப்படியில பேசுனதுமா?"

கலா தலையாட்டினாள். மூக்காயி உரித்த கொட்டைகளைத் தள்ளி வைத்தாள். செத்துப்போன புருஷனிடம் இருபது வருஷம் தான் வாங்கிய அடியைப் பற்றி அவள் மருமகளிடம் மட்டும்தான் மனம்விட்டுப் பேசியிருந்தாள். தன் மகனிடமும் அந்தச் சந்தேகப் புத்தி இருக்கிறது, அவன் வந்தால் நீ பார்த்து நடந்துகொள் என்று போன மாதம் சொல்லியிருந்தாள். அதை இப்போது கலாவிடம் திக்கித் திணறிச் சொன்னாள். கலாவுக்கு அப்பாவைப் பற்றிப் புதிதாகத் தெரிந்துகொள்ள எதுவுமில்லை, அந்த வீட்டில் வளர்ந்தவள்தானே. அம்மா அண்ணனைப் பற்றி அப்படி நினைத்திருக்கிறாள் என்பதுதான் புதிது.

"அதயும் கேட்டிருப்பானா?" என்று மூக்காயி மறுபடி கேட்டாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, கலாவின் கையை இறுகப் பிடித்தாள். "இருந்தாலும் அவகிட்ட சொல்லாத புள்ள. அந்தச் சனியன ஒனக்குத்தான் அழிக்கத் தெரியுமே, அழிச்சிட்டு சும்மா இரு. இவன் கோவம் ஆறட்டும்னுதான் அவள நான் அனுப்பாம வச்சிருக்கேன், இதச் சொன்னா அவளே இங்க இருக்கமாட்டா. இவன் மூஞ்சில நாங்க எப்படி முழிக்கிறது?"

 அழிப்பது சுலபம்தான். ரிப்போர்ட்டின் அடியில் அதற்கான வழி எழுதியிருந்தது. போனில் அதைச் செய்துவிட்டால் கோப்பு போய்விடும், அண்ணிக்குக் கடைசிவரை எதுவும் தெரியாது. அனிற்றாதான் சொன்னாள் என்று நம்பிக்கொண்டே அவள் எஹலியகொடைக்குப் போய்விடுவாள்.

அனிற்றாமீது அந்தப் பழி நிற்க விட அவளுக்கு மனம் வரவில்லை.

கோகிலா வந்ததும், போனைக் காம்பராவில் வைத்துவிட்டுத் தன்னோடு வரும்படி கலா கேட்டாள். எதற்கென்று கேட்டபோது கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். மூக்காயி வாசலில் நின்று பார்த்தாள், தடுக்கவில்லை.

ரப்பர் மலையில், லயம் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் நின்று, கலா எல்லாவற்றையும் சொன்னாள். தன் பங்கை முதலில் சொன்னாள்.

"உள்ள விட்டது நாந்தான் அண்ணி. வேணாம்னு காட்டுச்சு. அண்ணன்தானேன்னு நெனச்சி நாந்தான் விட்டேன்."

இலைகளிலிருந்து இன்னும் மழைநீர் சொட்டிக்கொண்டிருந்தது. கோகிலா அழுவாள், கத்துவாள், தன்னை அறைவாள் என்றுகூடக் கலா எதிர்பார்த்தாள். அவளோ ஒரு மரத்தைப் பிடித்துக்கொண்டு, பால் பிடிக்கும் வெற்றுச் சிரட்டையையே பார்த்தபடி நின்றாள். மூன்று மாதமாகத் தான் பேசியதையெல்லாம், ஒவ்வொன்றாக, யாரிடம் எங்கே வைத்துப் பேசினோம் என்று நினைத்துப் பார்க்கிறாள் என்பது முகத்தில் தெரிந்தது. குளிக்கும்போது பாடுவதைக்கூட நினைத்திருப்பாள்.

கடைசியில் அவள் வாயிலிருந்து வந்தது ஒரே ஒரு பெயர்தான்.

"அனிற்றா."

அப்போதுதான் கலாவுக்கும் உறைத்தது. அனிற்றா கொழும்புப் பக்கம் ஒரு கார்மென்ட் ஆலையில் வேலைக்குப் போகிறாள், இன்றைக்குப் புறப்படுகிறாள் என்று பீலிக்கரையில் யாரோ நேற்றுப் பேசிக்கொண்டார்கள். இருவரும் ஓடினார்கள். பக்கத்துக் காம்பராவில் பூட்டுத் தொங்கியது. அவள் அரைமணித்தியாலத்துக்கு முன்பே பையோடு இறங்கிப் போய்விட்டதாக எதிர்க் காம்பராக்காரி சொன்னாள். நல்லதாகப் போயிற்று என்றும் சேர்த்துச் சொன்னாள். கோகிலா அவளை ஒரு பார்வை பார்த்தாள், அவ்வளவுதான்.

தோட்டத்துச் சந்தியில் ஒரு த்ரீவீல் ஆட்டோ நின்றது. கலா சாரதியிடம் சிங்களத்தில் அவசரம் என்று சொல்லி, தெஹியோவிட்ட பஸ் நிலையத்துக்கு விடச் சொன்னாள். வளைவு வளைவாக இறங்கும்போது கோகிலா எதிரே பஸ் வருகிறதா என்று தலையை வெளியே நீட்டிப் பார்த்துக்கொண்டே வந்தாள். 

கொழும்புப் பாதையில் போகும் அவிசாவளை பஸ் புறப்பட ஆயத்தமாக உறுமிக்கொண்டிருந்தது. நடுவில் ஒரு ஜன்னலோரம் அனிற்றா உட்கார்ந்திருந்தாள். மடியில் பை. கையில் ஜெபமாலை. கோகிலா ஜன்னலுக்குக் கீழே போய் நின்றாள்.

"நீ இல்லன்னு இப்பத்தான் தெரியும்" என்றாள். "என் போன்ல ஒண்ண வச்சி அவரே கேட்டிருக்காரு. நீ எறங்கி வா. நான் பீலிக்கரையில அத்தன பேருக்கும் முன்னாடி சொல்றேன்."

அனிற்றா அவளை நிதானமாகப் பார்த்தாள். கோபமில்லை அந்த முகத்தில். மூன்று இரவாகத் தூங்காத களைப்பு மட்டும்தான் இருந்தது.

"நீ சொன்னியான்னு என்ன ஒரு வார்த்த கேப்பேன்னு பாத்தேன் கோகிலா. கொடத்த வச்சிட்டு அதுக்காகத்தான் நின்னேன். நீ கேக்கல."

"தப்புத்தான். எறங்கி வா."

"ஒம்மேல வருத்தமில்ல. ஆனா அந்த லயத்துல இனி எனக்கு இருக்க ஏலாது. அவங்க யாரும் ஒரு நாள்கூட யோசிக்கல."

கண்டக்டர் சிங்களத்தில், ஏறுகிறீர்களா இல்லையா தங்கச்சி என்று கேட்டார். கலா இல்லையென்று தலையாட்டினாள். பஸ் நகரத் தொடங்கியது. அனிற்றா ஜன்னல் வழியாகக் கையை நீட்டினாள். கோகிலா அதைப் பிடித்துக்கொண்டு பத்தடி தூரம் கூடவே நடந்தாள். பிறகு பிடி தளர்ந்து, கை விட்டுப்போனது.

பஸ் வளைவில் மறைந்த பிறகும் கோகிலா நடுவீதியிலேயே நின்றாள். பின்னால் வந்த லொறிக்காரன் ஹோர்ன் அடித்தான். கலா அவளை ஓரத்துக்கு இழுத்தபோதுதான், பஸ் நிலையத்துச் சனம் முழுக்கப் பார்த்திருக்க, அவள் வாய்விட்டு அழுதாள். கலாவின் தோளில் சாயவில்லை. தனியாகக் கடைச் சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அது கலாவை என்னவோ செய்தது. இத்தனை வருஷமும் அண்ணி அழுதால் அவள் தோளில்தான் அழுவாள்.

வீட்டுக்குத் திரும்பியபோது மணி நாலு. மூக்காயி தேத்தண்ணீர் ஊற்றி வைத்திருந்தாள். மருமகளின் முகத்தைப் பார்த்ததும் எல்லாம் தெரிந்துவிட்டது அவளுக்கு. கோப்பையை நீட்டினாள். கோகிலா வாங்கவில்லை.

போன் மேசையில் வைத்த இடத்திலேயே இருந்தது. கலா அதை எடுக்கப் போனாள். இப்போதே அழித்துவிடுகிறேன் என்று வாயால் சொல்லாமல் சைகையில் காட்டினாள். கோகிலா அவள் கையை விலக்கினாள். கதிரையை இழுத்துப் போட்டு, போனுக்கு எதிரே, ஒரு மனுஷனுக்கு முன்னால் உட்காருவதுபோல உட்கார்ந்தாள்.

"ஏங்க, நாந்தான்" என்றாள். "கேக்குறீங்கன்னு எனக்கு இப்பத் தெரியும்."

மூக்காயி சுவரோடு சாய்ந்துகொண்டாள்.

"நீங்க போனதுக்கப்புறந்தான் நிம்மதியா தூங்குறேன்னு சொன்னேன். அது நெசந்தான். எங்க போன, யாருகிட்ட பேசுன, ஏன் சிரிச்சேன்னு கேக்க ஆளில்லாம தூங்குனேன். ஆனா அன்னைக்கு அதோட நான் நிறுத்தலையே. வர்றப்ப மாறி வருவாரு, மாறி வந்தா எனக்கு அது போதும், அத நெனச்சிக்கிட்டுத்தான் தூங்குறேன்னும் சொன்னேன். அதே மரத்தடியில, அதே மூச்சுல சொன்னேன். அதயும் நீங்க கேட்டிருப்பீங்க. மாமி முன்னாடி பாதிய மட்டும் ஏன் சொன்னீங்க?"

அவள் குரல் உயரவே இல்லை. பக்கத்து வீட்டுக்குக் கேட்டிருக்காது. அவனுக்குக் கேட்டால் போதும் என்ற அளவில்தான் பேசினாள்.

"இத்தனை நாளா நான் பேசுனது எல்லாத்தையும் கேட்டிருக்கீங்க. ஒருநாளாவது, என்னம்மா செய்யிது, சாப்பிட்டியான்னு என்கிட்டயே கேட்டிருக்கலாம். நான் எல்லாத்தையும் சொல்லியிருப்பேனே."

அதற்கு மேல் அவளால் முடியவில்லை. எழுந்து உள் காம்பராவுக்குப் போனாள். மூக்காயி அந்தப் போனைப் பார்த்தபடி நின்றாள். ஏதோ சொல்ல வாயெடுத்தாள். மகன் கேட்டுக்கொண்டிருப்பான் என்ற பயமா, கேட்கட்டும் என்ற எண்ணமா, கலாவுக்குத் தெரியவில்லை. கடைசியில் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

கால் மணித்தியாலம் போயிருக்கும். ஒரு போன் அடித்தது. மேசையில் இருந்த போனல்ல, கலாவின் போன். அண்ணன்.

அவள் எடுத்தாள். மறுபக்கம் அவன் குரல் குழறியது. அழுதிருக்கிறானா, குடித்திருக்கிறானா என்று அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை. அவன் அந்தக் கோப்பைப் பற்றிக் கேட்கவில்லை. மறுக்கவும் இல்லை.

"டிக்கெட் போட்டாச்சு கலா. சனிக்கெழம கட்டுநாயக்கா எயார்போர்ட்டுக்கு வர்றேன். நா வர்ற வரைக்கும் அவ எங்கயும் போகக்கூடாது. நீதான் பாத்துக்கணும்."

"எதுக்குண்ணே வர்றீங்க?"

"வந்து பேசிக்கிறேன்."

கலா போனைக் காதிலிருந்து இறக்கவில்லை. உள் காம்பரா வாசலில் கோகிலா வந்து நின்றாள். அவள் பின்னால், கட்டிலில், பாதி அடுக்கிய பை திறந்து கிடந்தது. யார் பேசுவதென்று அவள் கேட்கவில்லை, கலாவின் முகமே சொல்லியிருக்க வேண்டும்.

"எத்தன மணிக்கு வந்து சேருவாருன்னு கேளு" என்றாள் கோகிலா.